ஒபாமாகேர் திட்டத்தை ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொள்ளுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் வேலை பார்க்கும் ஒருவர் அப்பா அம்மாவைக் கிரீன் கார்டில் அழைத்து வந்திருக்கிறார். அப்பாவுக்கு 67 வயது, இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. ஆபீஸ் இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்க வழியில்லை. மூத்தோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். மிச்சம் இருப்பது தனிநபர்கள் இன்சூரன்ஸ் வாங்கும் மார்க்கெட்பிளேஸ் மட்டும்தான், நம்மவர்கள் வாயில் ஒபாமாகேர். "அதை வாங்கி என்ன புண்ணியம், நல்ல ஆஸ்பத்திரி எதுவும் எடுத்துக்கொள்ளாது" என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்களாம். உண்மையா என்று கேட்கிறார்.

அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் இன்சூரன்ஸ் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் ஏதாவது ஒரு மார்க்கெட்பிளேஸ் திட்டத்தையாவது எடுத்துக்கொள்கின்றன. எல்லாத் திட்டங்களையும் எடுத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிதான் அபூர்வம். பெயர்பெற்ற புற்றுநோய் மையங்கள், பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் ஒன்றிரண்டு திட்டங்களே செல்லும். சில ஊர்களில், சில வருடங்களில், ஒன்றுகூடச் செல்லாமல் போனதும் உண்டு. ஆகவே உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை. பழியைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

மார்க்கெட்பிளேஸ் என்பது ஒரு கடை. 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின்படி 2013 அக்டோபர் 1 அன்று கடை திறந்தது, அதில் வாங்கிய திட்டங்கள் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. டெக்சாஸ்காரர்கள் மத்திய அரசின் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் வாங்குகிறார்கள். கலிஃபோர்னியாவுக்குக் கவர்ட் கலிஃபோர்னியா, பென்சில்வேனியாவுக்குப் பென்னி என்று சில மாநிலங்கள் சொந்தக் கடை வைத்திருக்கின்றன. ஜார்ஜியாவும் 2025 முதல் தனிக்கடைக்கு மாறிவிட்டது. கடை யாருடையதாக இருந்தாலும் உள்ளே சரக்கு வைப்பவை தனியார் கம்பெனிகள்தான்: புளூகிராஸ், ஆம்பெட்டர், ஆஸ்கர், மொலினா, கைசர் இப்படி. அரசாங்கம் விதி போடுகிறது, தகுதி உள்ளவர்களுக்குப் பிரீமியத்தில் ஒரு பங்கைக் கட்டுகிறது. ஆஸ்பத்திரியோடு உட்கார்ந்து விலை பேசி ஒப்பந்தம் போடுவது கம்பெனி. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு "ஒபாமாகேர் எடுப்பீர்களா?" என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவரால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. எங்கள் கம்ப்யூட்டரில் ஒபாமாகேர் என்று ஒரு இன்சூரன்ஸே கிடையாது.

சரி, கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்டால்? அங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டெக்சாஸ் புளூகிராஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஒப்பந்தம் போட்டிருக்கும் டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள் பட்டியலுக்குத்தான் நெட்வொர்க் என்று பெயர். அதில் இருப்பவர் இன்-நெட்வொர்க். ஆபீஸ் மூலமாக வருபவர்கள் கையில் பெரும்பாலும் புளூ சாய்ஸ் பிபிஓ என்ற நெட்வொர்க் இருக்கும். பிபிஓ என்றால் பட்டியலுக்கு வெளியே போனாலும் கம்பெனி ஒரு பங்கு தரும் வகை. மார்க்கெட்பிளேஸில் விற்பது புளூ அட்வான்டேஜ் ஹெச்எம்ஓ, பட்டியலுக்குள்ளேயே போக வேண்டிய வகை. சில கவுன்ட்டிகளில் மைபுளூ ஹெல்த் என்று இன்னும் சுருங்கிய ஒன்றும் உண்டு. மூன்று அட்டையிலும் அதே நீலச் சிலுவை, அதே கேடயம். ஆனால் டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள் பட்டியல் மூன்றும் வேறுவேறு. நீங்கள் ஐந்து வருடமாகப் போய்வரும் ஆஸ்பத்திரியில் "புளூகிராஸ் இருக்கிறது" என்று சொல்லியே பழகியிருப்பீர்கள். அப்பாவுக்கும் அதே புளூகிராஸ்தானே என்று வாங்கிவிடுவீர்கள். பில் வரும்போதுதான் அது வேறு புளூகிராஸ் என்று தெரியும்.

தினமும் எங்கள் பிரிவுக்கு வரும் அழைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"நீங்கள் புளூகிராஸ் எடுக்கிறீர்களா?"

"எடுக்கிறோம்."

"ரொம்ப நன்றி." போனை வைத்துவிடுவார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தம் இல்லாத இன்சூரன்ஸாக இருந்தாலும் பல ஆஸ்பத்திரிகள் உங்களுக்காக பில்லை அனுப்பிப் பார்க்கும். வந்தால் வாங்கிக்கொள்ளும், வராததை உங்கள் தலையில் கட்டும். முன்மேசையில் இருப்பவர் அதையும் "எடுக்கிறோம்" என்றுதான் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த ஆஸ்பத்திரி, இந்த முகவரியில், புளூ அட்வான்டேஜ் ஹெச்எம்ஓ நெட்வொர்க்கில் 2026க்கு இன்-நெட்வொர்க்கா?" முகவரியும் வருடமும் வெறும் அலங்காரம் இல்லை. ஒரே குழுமத்தின் நகரக்கிளை உள்ளேயும் புறநகர்க்கிளை வெளியேயும் இருக்கலாம். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வருடக் கணக்கில் மாறுகிறவை.

ஆஸ்பத்திரிகள் ஏன் சில திட்டங்களை ஒதுக்குகின்றன? முக்கியக் காரணம் காசு. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் ஆபீஸ் இன்சூரன்ஸ்கள் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தது மெடிகேர் கொடுப்பதைப் போலச் சராசரியாக இரண்டரை மடங்கு. மார்க்கெட்பிளேஸில் ஆட்கள் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது பிரீமியத்தைப் பார்த்துத்தான். பட்டியலில் மலிவாக மேலே தெரிய வேண்டுமானால் கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டும். "விலையைக் குறை, பதிலுக்கு ஆட்களை உன் பக்கம் அனுப்புகிறேன்" என்பதுதான் பேரம். படுக்கை காலியாகக் கிடக்கும் ஆஸ்பத்திரி சரி என்னும். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் நோயாளிகள் தேடி வரும் ஆஸ்பத்திரி எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? அதனால்தான் பெயர் பெரிதாகப் பெரிதாக மார்க்கெட்பிளேஸ் பட்டியலில் அதைக் காண்பது அரிதாகிறது.

இன்னொரு காரணம் வெளியாட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மானியத்தோடு திட்டம் வாங்கியவர் பிரீமியம் கட்டத் தவறினால் மூன்று மாத அவகாசம் உண்டு. முதல் மாதத்துச் சிகிச்சைக்குக் கம்பெனி பணம் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மாதத்து பில்களை அது நிறுத்தி வைக்கலாம். மூன்று மாதம் முடிந்தும் பாக்கியைக் கட்டாவிட்டால் முதல் மாதக் கடைசியோடு திட்டமே ரத்து. இடைப்பட்ட இரண்டு மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் ஆஸ்பத்திரி நோயாளியைத்தான் துரத்த வேண்டும். டெக்சாஸில் இதையெல்லாம் மனதில் வைத்து 2015இல் ஒரு சட்டம் போட்டார்கள். மார்க்கெட்பிளேஸ் வகைத் திட்டங்களின் அட்டையில் கியூ, ஹெச், பி என்று மூன்று எழுத்து அச்சாகியிருக்க வேண்டும். அட்டையை வாங்கியதும் முன்மேசைக்காரர் கண் முதலில் போவது அந்த மூன்று எழுத்தின் மேல்தான். பார்த்தவுடன் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை கூடுதலாகத் தட்டிப் பார்ப்பார். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அப்பா அம்மாவின் பிரீமியத்தைத் தானாகக் கழியும்படி வங்கியில் போட்டுவிடுங்கள். மானியத்தோடு வாங்கிய திட்டத்தில் ஒரு மாதம் விட்டுப்போனாலும் இரண்டாவது மாதத்திலிருந்து திரையில் அவகாச நிலை என்று காட்டும். அவசரமில்லாத சிகிச்சையைச் சில டாக்டர் அலுவலகங்கள் தள்ளிப்போடுவதும் உண்டு.

கம்பெனிகள் வேண்டுமென்றே ஆஸ்பத்திரிகளை வெளியே வைத்த கதைகளும் நிறைய. கடை திறந்த அதே அக்டோபரில் சியாட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரி வாஷிங்டன் மாநில இன்சூரன்ஸ் ஆணையர் மேல் வழக்குப் போட்டது. அந்த வட்டாரத்தில் குழந்தைகளுக்கான சில சிக்கலான சிகிச்சைகளுக்கு அதை விட்டால் வேறு இடம் கிடையாது. அப்படியிருந்தும் பல மார்க்கெட்பிளேஸ் திட்டங்கள் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை, ஆணையரும் அந்தத் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

டெக்சாஸில் திருப்பம் 2015 கோடையில் வந்தது. தனிநபர்களுக்கு விற்றுவந்த பிபிஓ திட்டத்தை 2016 முதல் நிறுத்துகிறோம் என்று புளூகிராஸ் அறிவித்தது. 3,60,000 பேருக்கு மேல் வேறு திட்டம் தேட வேண்டியிருந்தது. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அது இடி. தனிநபர் திட்டத்தோடு அங்கே போகும் வழி பெரும்பாலும் அடைபட்டுப் போனது. இன்றைக்கும் டெக்சாஸ் மார்க்கெட்பிளேஸில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஹெச்எம்ஓ, இபிஓ வகைகள்தான். இரண்டிலும் நெட்வொர்க்குக்கு வெளியே போனால், அவசரச் சிகிச்சை தவிர, கம்பெனி ஒரு காசு தராது. ஹெச்எம்ஓவில் கூடுதலாக, ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கக் குடும்ப டாக்டரின் பரிந்துரையும் பெரும்பாலும் வேண்டும்.

நெட்வொர்க் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதற்குக் கேஎஃப்எஃப் ஆய்வு அமைப்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. 2021இல் மார்க்கெட்பிளேஸ் திட்டம் வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் பகுதியில் இருக்கும் டாக்டர்களில் சராசரியாக 40 சதவீதம் பேரிடம்தான் இன்-நெட்வொர்க்காகப் போக முடிந்திருக்கிறது. இது சராசரி. பெரிய நகரங்களில் நிலைமை இன்னும் இறுக்கமாக இருக்கும், ஏனென்றால் அங்கேதான் டாக்டர்கள் அதிகம், கம்பெனிக்குப் பொறுக்கி எடுக்க வசதியும் அதிகம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நான்கு தரம் உண்டு அல்லவா, கோல்டு வாங்கினால் நல்ல ஆஸ்பத்திரி கிடைக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. அந்தப் பெயர்கள் செலவை உங்களுக்கும் கம்பெனிக்கும் எப்படிப் பங்கு போடுவது என்பதை மட்டும் சொல்கின்றன: சராசரியாகப் பிரான்ஸில் கம்பெனி 60 சதவீதம், சில்வரில் 70, கோல்டில் 80, பிளாட்டினத்தில் 90. ஒரே கம்பெனியின் பிரான்ஸும் கோல்டும் அச்சு அசலாக ஒரே நெட்வொர்க்கில் இருக்கலாம். பிரீமியம் அதிகம் கொடுத்தும் அதே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம்.

சரி, வாங்கும் முன் எப்படிச் சரிபார்ப்பது. மார்க்கெட்பிளேஸ் தளத்தில் டாக்டர் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. தொடங்க அது போதும், முடிவெடுக்கப் போதாது. பட்டியல்களின் தரம் எப்படி என்பதற்குக் கலிஃபோர்னியா ஒரு உதாரணம். தப்பும் தவறுமான டாக்டர் பட்டியல் வைத்திருந்ததற்காக 2015 நவம்பரில் அந்த மாநில அரசு புளூ ஷீல்டு, ஆந்தம் என்ற இரண்டு கம்பெனிகளுக்கு முறையே 3,50,000 டாலரும் 2,50,000 டாலரும் அபராதம் போட்டது. பட்டியலில் இருந்த பல டாக்டர்கள் அந்தத் திட்டத்தை எடுக்கவே இல்லை. எதிர்பாராத பில்களிலிருந்து நோயாளியைக் காக்க 2022 முதல் நடைமுறையில் இருக்கும் நோ சர்ப்ரைசஸ் சட்டம் 90 நாளுக்கு ஒருமுறை பட்டியலைச் சரிபார்க்கச் சொல்கிறது. சொல்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டத்தில் உங்களுக்கு உதவும் ஒரு கொக்கி இருக்கிறது. கம்பெனியின் பட்டியல் ஒருவரை இன்-நெட்வொர்க் என்று காட்டி, அதை நம்பி நீங்கள் போய், பிறகு அவர் அப்படி இல்லை என்று தெரிந்தால், இன்-நெட்வொர்க்குக்கு உரிய பங்கை மட்டும்தான் உங்களிடம் வாங்கலாம். அதை நிரூபிக்க ஆதாரம் வேண்டும். ஆகவே பட்டியலில் அப்பாவின் இதய டாக்டர் பெயர் தெரியும் பக்கத்தைத் தேதியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது விநாடி வேலை.

அடுத்து இரண்டு போன். ஒன்று கம்பெனிக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு. கம்பெனியிடம் திட்டத்தின் பெயரைச் சொன்னால் குழம்புவார்கள். "சில்வர் 204", "சில்வர் 205" என்று ஒன்றுபோலவே பத்துப் பெயர் இருக்கும். மார்க்கெட்பிளேஸில் ஒவ்வொரு திட்டத்துக்கும் 14 இலக்க அடையாள எண் உண்டு. முதல் ஐந்து எண் கம்பெனியைக் குறிக்கும், அடுத்த இரண்டு ஆங்கில எழுத்து மாநிலம், மீதி ஏழு எண்ணும் அந்தக் குறிப்பிட்ட திட்டம். அதைப் படித்துக் காட்டுங்கள். அந்தத் திட்டத்தின் நெட்வொர்க் பெயர் என்ன என்று கேளுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரியின் வரி எண்ணைக் கொடுத்து, அந்த எண் இந்த நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். வரி எண்ணை ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் கேட்டால் தருவார்கள், ரகசியம் ஒன்றும் இல்லை. பேசியவர் பெயர், தேதி, அந்த அழைப்புக்கு அவர்கள் தரும் குறிப்பு எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, கம்பெனியின் உறுப்பினர் தளத்தில் செய்தி அனுப்பினால் பதில் எழுத்தில்தான் வரும்.

ஆஸ்பத்திரியில் பேசும்போது முன்மேசையோடு நிறுத்தாமல் "மேனேஜ்டு கேர்" அல்லது "இன்சூரன்ஸ் வெரிஃபிகேஷன்" பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒப்பந்தப் பட்டியல் அவர்களிடம்தான் இருக்கும்.

இன்னொரு போனும் உண்டு, அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். டாக்டருக்கு. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியும் அதில் வேலை செய்யும் டாக்டரும் பெரும்பாலும் தனித்தனிக் கணக்கு. கட்டடம் ஒரு பில் அனுப்பும், இதய டாக்டர் குழு ஒரு பில் அனுப்பும், மயக்க டாக்டர் ஒரு பில், எக்கோ படத்தைப் படித்தவர் ஒரு பில். ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருந்து அப்பாவின் கார்டியாலஜிஸ்ட் வெளியே இருந்தால் பாதிப் பலன்தான். மயக்க டாக்டர், ரேடியாலஜி, பேத்தாலஜி போன்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாதவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்-நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் அவர்கள் வெளியாட்களாக இருந்தாலும் நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி உங்களிடம் கூடுதலாகக் கேட்க முடியாது. ஆனால் நீங்களாகத் தேர்ந்தெடுத்துப் போகும் அறுவை டாக்டர் வெளியாளாக இருந்தால், முன்கூட்டியே ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முழுத் தொகையைக் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது. சேர்க்கையின்போது டேப்லெட்டில் பத்துப் படிவம் சரசரவென்று வரும், அப்பா எல்லாவற்றிலும் விரலால் கிறுக்கிவிடுவார். "பாதுகாப்புகளை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற பொருளில் ஏதாவது வந்தால் அங்கே மட்டும் நிறுத்துங்கள். அதில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் போடாவிட்டால் அந்த டாக்டர் சிகிச்சைக்கு மறுக்கலாம், அது வேறு விஷயம்.

நெஞ்சுவலி என்று நடுராத்திரி அவசர உதவிக்கு 911 கூப்பிட்டால் மேலே சொன்ன எதையும் யோசிக்க வேண்டாம். 1986இலிருந்தே எம்டாலா என்ற சட்டம் இருக்கிறது. மெடிகேர் பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவும் வந்தவரைப் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கியே ஆக வேண்டும். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பது அப்புறம். பணப் பக்கத்தில், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவசரச் சிகிச்சைக்கு இன்-நெட்வொர்க் கணக்கில்தான் உங்கள் பங்கு. கவனிக்க வேண்டியது இரண்டு. ஆபத்துக் கட்டம் தாண்டிய பிறகு அதே ஆஸ்பத்திரியில் தங்கினால் இந்தப் பாதுகாப்பு என்றென்றைக்கும் நீடிக்காது. "இப்போது வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம்" என்று கேஸ் மேனேஜர் சொல்லும்போது கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மற்றொன்று ஆம்புலன்ஸ். ஹெலிகாப்டரில் ஏற்றினால் மத்தியச் சட்டம் பாதுகாக்கும், சாலையில் போகும் வண்டியை அது சேர்த்துக்கொள்ளவில்லை. விசித்திரம்தான். சில மாநிலங்கள் அந்த ஓட்டையைத் தாங்களாகவே அடைத்திருக்கின்றன, டெக்சாஸும் 2023இல் ஒரு சட்டம் போட்டது.

நெட்வொர்க்குக்குள் இருக்கும் வரை ஒரு வருடத்தில் உங்கள் கையிலிருந்து போவதற்கு உச்சவரம்பு இருக்கிறது: 2026இல் ஒருவருக்கு 10,600 டாலர், குடும்பத்துக்கு 21,200. அப்பாவுக்குப் பைபாஸே செய்தாலும் அந்தத் தொகைக்கு மேல் கம்பெனி பாடு. அவசரம் அல்லாத வெளி ஆஸ்பத்திரிச் செலவு இந்த வரம்பில் ஒரு பைசாகூடச் சேராது. நான் பார்த்த பெரிய பில்கள் அநேகமாக எல்லாம் அப்படி வெளியே போனவர்களுடையவைதான். சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நெட்வொர்க் மட்டும் தப்பிப் போயிருக்கும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். கிரீன் கார்டில் வந்த பெற்றோர் மார்க்கெட்பிளேஸில் வாங்கலாம், வயது தடையில்லை. ஸ்டென்ட், சர்க்கரை என்று காரணம் சொல்லி மறுக்கவோ பிரீமியத்தைக் கூட்டவோ முடியாது. நவம்பர் 1இல் தொடங்கும் பொதுச் சேர்க்கைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து குடிவந்தவர்களுக்கு 60 நாள் தனி வாய்ப்பு இருக்கிறது, அது முடிவதற்குள் போட்டுவிடுங்கள். டெக்சாஸ் உள்பட பெரும்பாலான மாநிலங்களில் 64 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 21 வயதுக்காரரைப் போல மூன்று மடங்கு வரை பிரீமியம் போகலாம். நியூயார்க்கிலும் வெர்மான்ட்டிலும் மட்டும் வயது பார்த்து விலை வைப்பதில்லை.

மானியத்தில் கதை மாறிக்கொண்டே இருக்கிறது. 2021இல் வந்த கூடுதல் மானியம் 2025 இறுதியோடு முடிந்தது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் நான்கு மடங்கைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது என்ற பழைய நிலை திரும்பிவிட்டது. நீங்கள் உங்கள் வரித்தாக்கலில் பெற்றோரைச் சார்ந்தவர்களாகக் காட்டினால் உங்கள் சம்பளமும் அந்தக் கணக்கில் சேரும், ஐடி சம்பளத்துக்கு மானியம் வருவது கடினம். அவர்கள் தனியாகத் தாக்கல் செய்து வருமானமே இல்லை என்று காட்டினாலும் 2026 முதல் பலன் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் புதுக் குடியேறிகளுக்கு முன்பு இருந்த விலக்கை 2025ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. முழு விலை கட்டத் தயாராக இருங்கள், வரிக் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு தகவல்: 2027 முதல் மானியம் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் வேறு ஓரிரு பிரிவினருக்கும் மட்டும்தான். முழு விலையில் வாங்க உங்களுக்குத் தடை இல்லை.

சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வந்துபோகும் பெற்றோருக்கு மார்க்கெட்பிளேஸ் கிடையாது, அவர்கள் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களாகக் கருதப்படுவதில்லை. விசிட்டர் இன்சூரன்ஸ் என்பது முற்றிலும் வேறு சரக்கு. அதில் பழைய நோய்களை ஒதுக்கிவைக்கலாம், கம்பெனி கொடுப்பதற்குத்தான் உச்சவரம்பு உண்டு, உங்கள் செலவுக்கு இல்லை.

கூகுளில் "ஒபாமாகேர்" என்று தட்டினால் முதலில் வருவது விளம்பரங்கள். உங்கள் போன் நம்பரைப் போட்டதும் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். "நாடு முழுக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், பிபிஓ, பாதி விலை" என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் மார்க்கெட்பிளேஸ் திட்டமாக இருக்காது. நாளுக்கு இவ்வளவு என்று தொகை தரும் திட்டமோ, குறுகிய காலத் திட்டமோ, மதக் குழுக்களின் செலவுப் பகிர்வோ ஆக இருக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு இவை ஆகாது. ஆஸ்பத்திரிகள் நிஜமாகவே எடுக்கத் தயங்கும் அட்டைகள் இவைதான். இந்த அட்டையோடு வந்து அவதிப்பட்டவர்களும் "ஒபாமாகேர் செல்லவில்லை" என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். தளத்தின் முகவரி டாட் கவ் என்று முடிகிறதா, இல்லையென்றால் உங்கள் மாநிலக் கடையின் அதிகாரபூர்வ முகவரிதானா என்று பாருங்கள்.

வருட நடுவில் ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் சண்டை வந்து ஒப்பந்தம் முறிந்தால்? துரதிருஷ்டவசமாக, அதைக் காரணம் காட்டி வேறு திட்டத்துக்கு மாற அனுமதி இல்லை. ஆனால் தீவிர நோய்க்கான தொடர் சிகிச்சை, கர்ப்பம், ஏற்கெனவே தேதி குறித்த அறுவை, உள்நோயாளி என்ற நிலைகளில் 90 நாள் வரை பழைய கணக்கிலேயே அதே இடத்தில் தொடரலாம். அதைக் கம்பெனியிடம் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். நெட்வொர்க்குக்குள் அந்தச் சிகிச்சை செய்யும் டாக்டரே இல்லை என்றால், வெளியே இருப்பவரை உள்ளே இருப்பவராகக் கருதும்படி விலக்குக் கேட்டு எழுதலாம். மறுத்தால் மேல்முறையீடு, அதற்கு மேல் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளி மதிப்பாய்வு என்று படிகள் இருக்கின்றன. மேல்முறையீடு செய்பவர்கள் மிகக் குறைவு. செய்தால் கொஞ்சமாவது கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

உங்கள் நிலையில் நான் வரிசையைத் தலைகீழாக வைப்பேன். முதலில் அப்பாவை இனிமேல் பார்க்கப்போகும் கார்டியாலஜிஸ்ட்டை முடிவுசெய்யுங்கள். அவர் எந்த ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்கிறார் என்று அவர் அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் எந்தெந்த மார்க்கெட்பிளேஸ் நெட்வொர்க்குகளில் இருக்கிறார்கள் என்று பட்டியல் வாங்குங்கள், அந்த அலுவலக மேலாளருக்கு இது மனப்பாடம். அதற்குப் பிறகு கடைக்குப் போய் அந்த நெட்வொர்க் உள்ள திட்டங்களுக்குள் விலையைப் பாருங்கள். அம்மாவுக்கு அதே திட்டம் வேண்டும் என்று இல்லை, இருவருக்கும் தனித்தனியாக வாங்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை டாக்டர் எளிதில் கிடைப்பார், அவருக்கு மருந்துப் பட்டியலைப் பார்த்து மலிவான திட்டமே போதும். ஹெச்எம்ஓ எடுத்தால் சேரும்போதே குடும்ப டாக்டர் பெயரை நீங்களே போட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் கம்பெனி தானாக யாரையாவது ஒதுக்கும். அவர் இருபது மைல் தள்ளியும் இருக்கலாம், அவருடைய பரிந்துரை இல்லாமல் கார்டியாலஜிஸ்ட் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்காமலும் போகலாம்.